போடிலை இறக்கிய பாட்டு

ஜாஸ் கேட்டால் போடில் தரையை விட்டு எழும்பிவிடுவாள். முதல் வருடம் ஒரு சாண் உயரம், அடுத்த வருடம் முழங்கால் உயரம். சாம்சோ தீவில் உருளைக்கிழங்கு பயிரிடும் அவளும் அவள் கணவன் எவால்டும் ஜூலை மாதம் படகேறி கோபன்ஹேகனுக்கு வந்து, எங்கள் சதுக்கத்துத் திறந்தவெளிக் கச்சேரியை மூன்று நாள் கேட்டுவிட்டுப் போவார்கள். மடக்கு நாற்காலி இரண்டு, மீன் வைத்த கறுப்பு ரொட்டி, ஒரு குடை, அவ்வளவுதான் சாமான். அவள் எழும்புவதைப் பார்த்ததாக நாங்கள் யாரும் காட்டிக்கொண்டதில்லை. இந்த ஊரில் அடுத்தவரை உற்றுப் பார்ப்பது மரியாதைக் குறைவு. அடுத்தவரைவிட உயரத்தில் இருப்பது அதைவிடப் பெரிய மரியாதைக் குறைவு. அதற்குக் கூச்சப்பட்டுத்தான் ஆறாவது வருடத்திலிருந்து போடில் கோட்டுப் பைகளில் புதுக்கிழங்கை நிரப்பிக்கொண்டு வந்தாள். ஐந்து கிலோ போதுமானதாக இருந்தது.

பதினோராவது வருடக் கச்சேரிக்கு முந்தைய குளிர்காலத்தில் அவளுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தது. ஆள் பாதியாகிவிட்டாள். எட்டு கிலோ கிழங்கும் அவளை நாற்காலியில் உட்கார வைக்கவில்லை. எவால்ட் அவள் மணிக்கட்டைப் பிடித்தபடியே இரண்டு நாள் கச்சேரியையும் கழித்தான். ஒரு பாட்டும் அவன் காதில் விழுந்திருக்காது. மூன்றாம் நாள் மாலை, டிராம்போன்காரர் ஹோல்கர் வாத்தியத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, போடில் கிழங்குகளை எடுத்து நாற்காலிக்கடியில் அடுக்க ஆரம்பித்தாள்.

“என்ன பண்றே?”

“அஞ்சு வருஷமா மூட்டை சுமந்துக்கிட்டே கேட்டாச்சு. ஒரு தடவையாவது ஒழுங்கா கேக்கணும். கையை விடு, எவால்ட்.”

“விட்டா திரும்பி வருவியா?”

“பாட்டு முடிஞ்சா இறங்கிடுவேன். இல்லேன்னா கூப்பிடு.”

“இத்தனை பேர் நடுவுலயா?”

“கூச்சமா இருந்தா தனியா படகேறிப் போ.”

அவன் விட்டான். முதல் பாட்டிலேயே அவள் லிண்டன் மரங்களைத் தாண்டினாள். நாலாம் மாடியில் காப்பி குடித்துக்கொண்டிருந்த பல் மருத்துவர், தான் வேடிக்கை பார்ப்பதாக அவள் நினைத்துவிடக் கூடாதே என்று திரையை இழுத்து மூடினார். கச்சேரி முடிந்து, நாங்கள் கைதட்டி ஓய்ந்த பிறகும் அவள் இறங்கவில்லை. இறங்குவதற்கு வேண்டிய கனம் அந்த உடம்பில் இல்லை. காற்று அவளைத் துறைமுகப் பக்கம் நகர்த்திக்கொண்டு போனது. நாங்கள் மரியாதையாகச் செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

எவால்ட் “போடில்” என்று கூப்பிட்டான். ரயிலில்கூடச் சத்தமாகப் பேசாத மனிதன்; அது பக்கத்து நாற்காலியையே எட்டவில்லை. அதற்குள் அவள் பார்வைக்குப் புறா அளவுக்குச் சிறுத்துவிட்டாள். அவன் நாற்காலி மேல் ஏறி நின்று பாடத் தொடங்கினான். அவர்கள் கல்யாண விருந்துக்கென்று சொந்தக்காரர்கள் எழுதி அச்சடித்துக் கொடுத்த பாட்டு. போடிலின் மூக்கையும் எவால்டின் டிராக்டரையும் கேலி செய்து ஒன்பது சரணம். அவனுக்குச் சுதி என்பதே கிடையாது. நாய்கள் குரைத்தன. மூன்றாம் சரணத்தில் எங்களால் தாங்க முடியாமல் எல்லோரும் தலையைத் தூக்கினோம். மேலே போடில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள், சிரிக்கச் சிரிக்க எங்கள் பக்கமாகவே இறங்கிக்கொண்டிருந்தாள். அவ்வளவு மோசமான பாட்டை அவ்வளவு ஆசையாக நாங்கள் கேட்டதில்லை. எட்டாம் சரணத்தில் அவள் காலை எவால்ட் எட்டிப் பிடித்துவிட்டான்.

“போதும், நிறுத்து. தையல் பிரிஞ்சிடும்.”

“இன்னும் ஒண்ணு பாக்கி,” என்று சொல்லி அதையும் பாடினான். அவன் முகம் முழுக்கக் கண்ணீராக இருந்தது.

அதற்குப் பிறகு பதினான்கு ஜூலைகள் வந்து போய்விட்டன. நிகழ்ச்சி நிரலில் கடைசி உருப்படியாக ‘எவால்ட், ஒன்பது சரணம்’ என்று அச்சாகிறது. ஒரு வருடம் பாசத்தில் நாங்களும் சேர்ந்து பாடப்போக, சுதி கூடிவிட்டது, பாதி வழி இறங்கியவள் மறுபடி மேலே போய்விட்டாள். இப்போது அவன் மட்டும் பாடுகிறான். அவள் இறங்கி முடிக்கும்வரை நாங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம்.