மூன்று சென்டிமீட்டர் வட்டம்

கிங்ஸ்லி சார் கணக்கு சொல்லித்தருவதில்லை; பாஸ் பண்ண வைப்பார். பத்தாம் வகுப்புக் கணக்கில் தவறியவர்களுக்குத் தென்காசியில் அவருடைய டியூஷன்தான் கதி. வெளியே சாரல் அடிக்கும். குற்றாலத்துக்குப் போகிற வேன்கள் பாட்டைப் போட்டுக்கொண்டு போகும். உள்ளே அறை நிறையப் பிள்ளைகள் ஒரே வட்டத்தைத் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருப்பார்கள். ஆரம் மூன்று சென்டிமீட்டர். மையத்திலிருந்து எட்டு சென்டிமீட்டர் தள்ளி ஒரு புள்ளி. அங்கிருந்து வட்டத்துக்கு இரண்டு தொடுகோடுகள்.

"ஏன் சார் ரெண்டு கோடு வருது?" என்று சஃப்ரின் ஒருநாள் கேட்டுத் தொலைத்தாள்.

"ஏட்டி, ரெண்டு போட்டாத்தான் முழு மார்க்கு. பேசாம வரை."

துணைத்தேர்வு முடிந்ததும் எல்லாரும் நேராக டியூஷனுக்கு வந்தார்கள். உசாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"சார், நம்ம வட்டம் வந்துட்டு! ஆனா கொஸ்டின் பேப்பர்ல ஆரம் நாலுன்னு தப்பா போட்டுட்டாவ. நான் மூணுன்னு திருத்தி வரைஞ்சிட்டேன்."

"நானும் சார்," "நானும் சார்" என்று அறையே கத்தியது. சஃப்ரின் மட்டும் நாலு சென்டிமீட்டரில் வரைந்திருந்தாள்.

கிங்ஸ்லி சார் கேள்வித்தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"இத்தனை பேரு மூணு போட்டிருக்கியன்னா கேள்விதாம்லே தப்பு. போனஸ் மார்க் கேட்டு மனு எழுதுதேன். எல்லாரும் கையெழுத்துப் போடுங்க."

சஃப்ரினும் பேனாவை எடுத்தாள்.

"நீ போடாதட்டி," என்றார் சார். "நீ கேள்விய வாசிச்சிட்டே."