விழா மலருக்கு ஆகாத கதை

1

இந்தக் கதை தானாக வந்ததில்லை, கேட்டு வாங்கியது. என் மகள் தங்கிப் படிக்கிற பள்ளிக்கு ஆண்டு விழா வருகிறது. மலர் போடுகிறார்கள். பெற்றோரில் ஒருத்தி கதை எழுதுகிறவள் என்று யாரோ தலைமையாசிரியையின் காதில் போட்டிருக்கிறார்கள். அவர் போனில் கூப்பிட்டு, "ஹாஸ்டல் வாழ்க்கை பிள்ளைங்களை எப்படி வளர்த்து ஆளாக்குதுன்னு ஒரு கதை குடுங்க மேடம். படிச்சா மனசுக்கு நிறைவா இருக்கணும்," என்றார். யோசிக்காமல் தலையாட்டினேன். போனில் தலையாட்டினால் தெரியாது என்பதால் வாயாலும் சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

பகலில் நான் ஒரு பல் மருத்துவமனையின் முன்மேசையில் உட்கார்ந்திருப்பவள். வாயைத் திறக்கப் பயப்படுகிறவர்களிடம் நைச்சியமாகப் பேசி உள்ளே அனுப்புவது என் உத்தியோகம். கதை எழுதுவதெல்லாம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், பாத்திரங்களை ஓரமாகத் தள்ளிவிட்டு. மகள் விடுமுறைக்கு வந்திருக்கிறாள். திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. அதற்குள் முடித்து அவள் கையிலேயே கொடுத்தனுப்பிவிடலாம் என்பது திட்டம்.

திட்டம் கெட்டதைத்தான் நீங்கள் படிக்கப் போகிறீர்கள். நிறைவு வேண்டும் என்பவர்கள் மலரில் மற்ற பக்கங்களைப் பார்க்கவும். அங்கே விளையாட்டு விழாப் படங்கள் இருக்கும்.

2

முதல் தொடக்கம்:

விடுதியின் இரும்புக் கதவு கிறீச்சிட்டுத் திறந்தபோது அந்தச் சிறுமியின் கண்கள்

வேண்டாம். எல்லா விடுதிக் கதையிலும் இரும்புக் கதவு கிறீச்சிடுகிறது, யாருடைய கண்களாவது கலங்குகின்றன. கதவுக்கு யாரும் எண்ணெய் போடுவதே இல்லை.

இரண்டாவது:

தனிமை என்னும் பள்ளியில்தான் மனிதன் தன் முதல் பாடத்தை

இதை எழுதியவளை நாலு சாத்து சாத்தலாம்.

மூன்றாவது:

சிறுமிக்குப் பத்து வயது. விளக்கணைத்த பிறகு தலையணையில் முகம் புதைத்து அழுதாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த முரட்டு அக்கா, தெத்துப்பல் தெரிய, "ஏய், சத்தம் போடாதே" என்று அதட்டி அவளுடைய போர்வையைப் பிடுங்கினாள்.

இது ஓடும் போலிருந்தது. ஒரு சிறுமி, ஒரு முரட்டு அக்கா, ஒரு சிடுமூஞ்சி வார்டன். கடைசியில் அக்கா மனம் மாறுவாள், தலைமையாசிரியைக்கு மனம் நிறையும். சிறுமிக்கு மாதிரியாக நான் மனதில் வைத்திருந்தது என் மகளை. சேர்த்துவிட்ட முதல் வருடம் அவள் அங்கே எப்படி இருந்திருப்பாள் என்று நினைத்து நினைத்துத்தான் எழுதினேன்.

(அவள் வீட்டில் நடந்துகொள்வதைப் பார்த்தால் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும். சாப்பாட்டு மேசையில் வெறும் தட்டோடு உட்கார்ந்திருப்பாள். பாத்திரம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், எடுக்கமாட்டாள். கேட்கவும் மாட்டாள். யாராவது அவள் பக்கம் நகர்த்தினால்தான் உண்டு. "பிள்ளைன்னா இப்படி இருக்கணும். என்ன ஒழுக்கம் பாத்தியா?" என்று அவள் அப்பா பூரித்துப்போவார். குளிர்பதனப் பெட்டி பழுதுபார்ப்பது அவர் தொழில். ஊரிலுள்ள பிள்ளைகள் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு தின்பதை நாள் முழுக்கப் பார்த்து நொந்துபோன மனிதர்.)

3

மூன்றாவது தொடக்கத்தை மகளிடம் கொடுத்தேன். உட்காரச் சொன்னாலொழிய அவள் உட்காருவதில்லை, நின்றுகொண்டே படித்தாள்.

"நல்லாருக்கும்மா," என்றாள். "ஆனா தப்பு."

"எது தப்பு?"

"கட்டில்ல அழ மாட்டா. அடுத்தவளுக்குக் கேட்கும்ல? துணி துவைக்கிற இடத்துல, குழாயைத் திறந்து விட்டுட்டுத்தான் அழுவா."

"சரி, மாத்திடறேன்."

"போர்வையெல்லாம் யாரும் பிடுங்க மாட்டாங்க. அடிக்கவும் மாட்டாங்க. அடிச்சா தழும்பு தெரியும், வார்டன் மிஸ் கேப்பாங்க."

"அப்ப என்னதான் பண்ணுவாங்க?"

"காத்தாக்கிடுவாங்க."

எனக்குப் புரியவில்லை. ஒரு நல்ல விவரம் கிடைத்துவிட்டது என்ற எழுத்தாள அற்பத்தனம் மட்டும் உடனே தலையெடுத்தது. பேனாவைத் திறந்துகொண்டு, "சொல்லு சொல்லு," என்றேன்.

"அவ இல்லாத மாதிரியே இருக்கணும். அவ்வளவுதான். அவ பேசினா யாரும் திரும்ப மாட்டாங்க. பக்கத்துல உட்கார்ந்தா தள்ளிப் போயிடுவாங்க. சாப்பாட்டுல பாத்திரம் கை மாத்தி கை மாத்தித்தானே வரும்? அவளைத் தாண்டி அடுத்தவ கைக்குப் போயிடும்."

"அவளே எடுத்துக்க மாட்டாளா?"

"எந்திரிச்சு எடுக்கக் கூடாதும்மா, ரூல். கேட்டு வாங்கணும். காத்து கேட்டா யாருக்குக் கேட்கும்?"

"அப்ப சாப்பாடு?"

"பக்கத்துல யாராவது பாவம் பார்த்து ரொட்டியைக் கீழே போடுவாங்க, தெரியாம விழுந்த மாதிரி. இல்லாட்டி இல்ல. ரெண்டு மூணு நாள்ல பழகிடும்மா. எனக்குப் பழகிடுச்சு."

பேருந்து எந்த நிறுத்தத்தில் நிற்கும், எதில் நிற்காது என்று ஒருவருக்குச் சொல்வது மாதிரி சொன்னாள். பேனாவை மூடி வைத்துவிட்டேன். வெறும் தட்டின் முன்னால் அவள் காத்திருப்பதை ஒழுக்கம் என்று நாங்கள் உறவுக்காரர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தோம். அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும் போலிருந்தது. என் உயரத்துக்கு வளர்ந்த பெண்ணை எப்படி இழுப்பது என்று தெரியாமல் அவள் கையை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

அத்தோடு நிறுத்தியிருந்தால் எனக்கு ஒரு சோகக் கதையாவது தேறியிருக்கும்.

* இடையில் ஒரு விளக்கம். அந்த விடுதியில் ஒரு முறை உண்டு. புதிதாகச் சேரும் ஒவ்வொரு சின்னப் பெண்ணையும் ஒரு பெரிய பெண்ணின் பொறுப்பில் விடுவார்கள். பெரியவள் 'அக்கா', சின்னவள் 'தங்கச்சி'. சேர்க்கை நாளன்று இதைச் சொல்லித்தான் எங்கள் மனதைக் குளிரவைத்தார்கள். சொல்லாமல் விட்டது இது: தங்கச்சியின் படுக்கை கசங்கியிருந்தாலும், அவள் வரிசையில் பேசினாலும், தண்டனை அக்காவுக்கு. ஞாயிற்றுக்கிழமை வெளியே போகிற அனுமதி ரத்து. தங்கச்சியை எப்படித் திருத்துவது என்பது அக்காவின் சாமர்த்தியம்.

4

"உனக்கும் ஒரு தங்கச்சி இருக்காளா?" என்று கேட்டேன்.

"இருக்கா. கொசு."

"அது என்ன பேரு?"

"காதுகிட்டயே நொய்நொய்னு பேசுவாம்மா. அக்கா அந்த மேகத்தைப் பாருங்க, அக்கா இந்த எறும்புக்கு வீடு எங்க, அக்கா உங்க ஜடையை நான் பின்னட்டுமா. வரிசையிலயும் வாய் மூடாது. அவளால எனக்கு எத்தனை ஞாயித்துக்கிழமை போச்சு தெரியுமா?"

"இப்பவும் பேசறாளா?"

"இல்ல."

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. புரியாத மாதிரி அடுத்த வரியை எழுதலாமா என்று யோசித்தேன். (யோசித்தது உண்மை.)

"காத்தாக்கிட்டியா?"

தலையசைத்தாள்.

"லீவுக்கு வர்றதுக்கு முன்னாடி அந்தத் தண்டனையை எடுத்துட்டே இல்ல?"

"இல்லம்மா."

"யாரு எடுக்கணும்?"

"அவ அக்காதான். மத்த அக்காங்க முன்னாடி அவகிட்ட ஒரு வார்த்தை பேசினா போதும். முடிஞ்சுது."

"அப்ப பேசித் தொலையேன்டி!"

"அவ அடங்கிட்டான்னு மத்தவங்க ஒத்துக்கணும். அதுக்கு முன்னாடி பேசினா அடுத்தது நான்தான்." அதுவரை சமமாக வந்த குரல் இங்கே உடைந்தது. "இன்னொரு தடவை என்னால முடியாதும்மா. சத்தியமா முடியாது."

தண்ணீர் கொடுத்தேன். குடித்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, தாள்களை அடுக்கி என் பக்கம் நகர்த்தினாள்.

"கதையில வேணா எடுத்துடும்மா," என்றாள்.

5

என் கதாபாத்திரங்கள் இடம் மாறி உட்கார்ந்துவிட்டார்கள். சிறுமிக்கு மாதிரியாக நான் வைத்திருந்த பெண்தான் முரட்டு அக்கா. போர்வையைப் பிடுங்கியவளை வாசகர் வெறுக்க வேண்டும் என்று மெனக்கெட்டுத் தெத்துப்பல் வைத்திருந்தேன். என் மகளுக்குப் பல்வரிசை அச்சடித்த மாதிரி இருக்கும். எங்கள் டாக்டரிடமே கம்பி போட்டு நேராக்கியது. தெத்துப்பல்லை அடித்துவிட்டேன். அடித்த பிறகு அந்தப் பாத்திரத்தை எப்படி வெறுப்பது என்று எனக்கே விளங்கவில்லை. வெறுக்காமல் இருக்கவும் முடியவில்லை. பெற்றவளுக்கு இப்படியெல்லாம் தோன்றலாமா என்று கேட்காதீர்கள், தோன்றிற்று.

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ. திங்கட்கிழமை, சாப்பாட்டுக் கூடம். அக்கா எழுந்து, பாத்திரத்தைக் கொசுவின் முன்னால் வைத்து, "இந்தா, எடுத்துக்கோ" என்கிறாள். ஒரு கணம் அமைதி. பிறகு ஒவ்வொருவராகக் கைதட்ட

மகள் படித்துவிட்டு, "கைதட்ட மாட்டாங்கம்மா. அன்னைக்கு ஒண்ணுமே ஆகாது. மறுநாள் காலையில என் பக்கத்துல யாரும் பல் தேய்க்க நிக்க மாட்டாங்க," என்றாள்.

முடிவு ஆ. மகளைத் திருப்பி அனுப்பவில்லை. இதைக் கதையில் எழுதுவதற்கு முன் வீட்டில் பேசினேன். திருப்புளியைத் துடைத்தபடி அவள் அப்பா சொன்னார்: "இன்னும் ரெண்டு வருஷம்தான். பாதியில இழுத்துட்டு வந்தா எவன் சேர்த்துப்பான்? எல்லா ஹாஸ்டல்லயும் இருக்கறதுதாம்மா. பிள்ளைங்க விளையாட்டு. அதைப் போய் பெருசு பண்ணாத."

"சோறு போடாம இருக்கறது விளையாட்டாங்க?"

"நம்ம பொண்ணு நல்லாத்தானே வந்திருக்கா?"

அவருக்குப் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மகள் உள்ளேயிருந்து சொன்னாள்: "நான் போகலைன்னா கொசுவோட தண்டனையை யாராலயும் எடுக்க முடியாதும்மா. அக்கா இல்லாத தங்கச்சி அப்படியேதான் இருப்பா."

ஆகவே இந்த முடிவில் என் பிள்ளை வீட்டில் இருப்பாள், வயிறாரச் சாப்பிடுவாள். இன்னொருத்தி பெற்ற பிள்ளை அங்கே காற்றாகவே கிடப்பாள். அதையும் எழுதி வைத்தேன்.

முடிவு இ. வார்டனிடம் சொல்லிவிடுவது. மகள் என் காலைப் பிடிக்காத குறை. "நீ சொன்னா அது நான் சொன்னதுதாம்மா. மிஸ் எல்லாரையும் நிக்க வெச்சுக் கேப்பாங்க. யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. அப்புறம் நாங்க ரெண்டு பேருமே காத்து."

6

(இந்தப் பகுதியில் கொசுவைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். மேகம், எறும்பு, ஜடை என்று. அழகாக வந்திருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன். பார்க்காத பிள்ளையின் பசியை வைத்து நான் நடை பழகக் கூடாது.)

7

சனிக்கிழமை காலை. மருத்துவமனைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு விடுதிக்குப் போன் செய்தேன். கொசுவின் வீட்டு எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு, அவள் அம்மாவிடம் நேரில் பேசிவிடலாம் என்று நினைத்தேன். எதற்கென்று வார்டனுக்குத் தெரிய வேண்டாம், மகளுக்கும் பழி வராது. எதிரே மகள் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். அவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

வார்டன் நான் நினைத்த சிடுமூஞ்சி இல்லை. கனிவான குரல்.

"உங்க பொண்ணோட தங்கச்சியா? அது வீட்டுக்கே போகலீங்களே. அப்பா அம்மா ரெண்டு பேரும் வெளிநாட்டுல. இங்கதான் இருக்கு. லீவுக்குப் போகாத பெரிய பொண்ணுங்க நாலஞ்சு பேர் கூட இருக்காங்க, துணைக்கு."

மகள் துவட்டுவதை நிறுத்தினாள். அவளுக்கு இது தெரிந்திருக்கவில்லை. முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன், தெரிந்திருக்கவில்லை.

"நல்லாச் சாப்பிடறாளா மிஸ்?" என்றேன்.

"கொஞ்சம் இளைச்சிருக்கு. வளர்ற வயசு இல்லீங்களா? ஆனா உங்க பொண்ணைப் பாராட்டணும்ங்க. வந்தப்ப இந்தப் பிள்ளை என்ன வாய்! இப்ப இருக்கற இடமே தெரியலை. அவ்வளவு பக்குவம். இருங்க, கூப்பிடறேன். போன் ஸ்பீக்கர்ல இருக்கும், இங்க அதுதான் ரூல். பொண்ணுங்களும் இங்கதான் துணி மடிச்சிக்கிட்டிருக்காங்க."

வேண்டாம் என்று சொல்ல இடைவெளி இருந்தது. சொல்லவில்லை.

செருப்பில்லாத காலடி கேட்டது. யாரோ போன் அருகே வந்து நின்றார்கள். துணி உதறுகிற சத்தம் ஒரு தடவை கேட்டு நின்றுபோயிற்று. அவர்களும் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது, மகளுக்கும் புரிந்தது.

"நான் உன் அக்காவோட அம்மா பேசறேன் கண்ணு," என்றேன்.

பதில் இல்லை.

"சாப்பிட்டியாம்மா?"

மூச்சு மட்டும் கேட்டது. மருத்துவமனையில் வாயைத் திறக்கப் பயப்படுகிறவர்களிடம் நான் பேசுகிற பேச்சையெல்லாம் பேசிப் பார்த்தேன். பிறகு ரொம்ப மெல்ல, தொண்டை கட்டிக் கிடந்த குரலில், அந்தப் பிள்ளை கேட்டது:

"அக்கா என்கிட்ட பேசலாம்னு சொல்லிட்டாங்களா ஆன்ட்டி?"

8

இங்கே வந்து நிற்கிறேன். ஆமாம் என்று நான் சொல்லியிருக்கலாம், ஆனால் என் ஆமாம் அந்த அறையில் செல்லாது. என் மகளின் ஒரு வார்த்தைதான் செல்லும். அதைச் சொன்னால் திங்கட்கிழமை முதல் வெறும் தட்டோடு உட்காரப் போவது என் பிள்ளை. சொல்லு என்று அவளைப் பார்த்து நான் கண்ணால் கெஞ்சினேனா, சொல்லாதே என்று கெஞ்சினேனா? அதை எழுத எனக்குத் தைரியம் இல்லை.

தலைமையாசிரியை திங்கட்கிழமைக்குள் முடிவு கேட்கிறார். என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: போன் மேசை மேல் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. அந்தப் பக்கம், "அக்கா?" என்று அந்தப் பிள்ளையின் குரல் கேட்டது. ஈரத் தலையோடு என் மகள் எழுந்து வந்து கையை நீட்டினாள், பேசுவதற்காகவா, போனைத் துண்டிப்பதற்காகவா என்று