நடுவில் நின்ற எண்

எங்கள் பார்சல் கூடத்தில் மொத்தம் பதினொரு பேர். ஆளுக்கு மணிக்கு எத்தனை பெட்டி கட்டுகிறோம் என்பதை மேனேஜர் வெள்ளைப் பலகையில் சிறியதிலிருந்து பெரியதாக எழுதினார்: 41, 44, 47, 52, 55, 58, 60, 63, 66, 70, 74. நாற்பத்தேழு என் அண்ணி. ஐம்பத்தெட்டு நான்.

ஏதோ பயிற்சிக்குப் போய்வந்ததிலிருந்து மனுஷனைக் கையில் பிடிக்க முடியவில்லை. "நடு எண்ணுல ரெண்டா வெட்டணும். கீழ்ப்பாதிக்கு மறுபடி நடுவைக் கண்டுபிடிக்கணும். அதுதான் முதல் கால்மானம். அதுக்குக் கீழ இருக்கறவங்க இந்த மாசத்தோட நின்னுக்கலாம்" என்றார், டீ சொல்கிற மாதிரி.

நடு எண் ஆறாவது. அதாவது நான். என்னைக் கீழ்ப்பாதியிலும் சேர்த்தார், மேல்பாதியிலும் சேர்த்தார். கீழே ஆறு எண்கள். நடுவில் 47, 52. இரண்டுக்கும் மத்தி 49.5. அண்ணி வெளியே.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நடு எண்ணை ரெண்டு பக்கமும் சேர்க்காமலும் போடலாம் சார். அப்போ கீழ அஞ்சு எண்தான், நடுவுல 47. அண்ணி கோட்டு மேலயே நிக்கறாங்க, கீழ இல்ல."

"போடலாமே. ரெண்டும் சரியான வழிதான்."

"அப்புறம் என்ன சார்?"

"எனக்கு மூணு பேர் போகணும்மா."

அண்ணி பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே இருந்தாள். கண்ணாடிச் சாமான் வந்தால் எல்லாரும் நைசாக அவள் பக்கம் தள்ளிவிடுவார்கள். பிறகு எங்கே வேகம் வரும்? அவள் கட்டியது ஒன்றுகூட உடைந்து திரும்பியதில்லை. அதைப் பலகையில் எவன் எழுதினான்?

வீட்டில் அண்ணன் கால் முறிந்து படுத்திருக்கிறான். பிள்ளைகள் இரண்டு. எங்கள் இரண்டு சம்பளத்தில்தான் எல்லாம் ஓடுகிறது. அண்ணன் வீட்டில் நான் தலைநிமிர்ந்து சாப்பிடுவதும் என் சம்பளத்தால்தான்.

பஸ்ஸில் அண்ணி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் மனசுக்குள் மறுபடி கணக்குப் போட்டேன். நான் வேலையை விட்டு நின்றுவிட்டால் பத்துப் பேர். பத்தில் நடு ஆள் கிடையாது; ஐந்து ஐந்தாகப் பிரியும். கீழ் ஐந்தில் நடு 47. மேனேஜர் வழியிலேயே அண்ணி தப்பிவிடுவாள். கீழே இருக்கும் இரண்டு பேரோடு என்னையும் சேர்த்தால் அவர் கேட்ட மூணும் ஆயிற்று.

வீட்டுக்கு வந்ததும் சமையலறையில் அண்ணியிடம் அதைச் சொல்லிவிட்டேன். "உனக்கென்ன பைத்தியமா?" என்று திட்டுவாள் என்ற தைரியத்தில்தான் சொன்னேன். அந்தத் திட்டு எனக்கு வேண்டியிருந்தது.

அண்ணி குழாயை மூடினாள். ஈரக் கையைத் துணியில் துடைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நாளைக்குக் காலையிலயே போய்ச் சொல்லிடறியா?" என்றாள். "மேனேஜர் பேர்ப் பட்டியலை மேல அனுப்பறதுக்குள்ள."