ஒன்பதாவது அப்பம்

குழாய்க்காரருக்கு ஞாயிற்றுக்கிழமையும் வீடு வீடாக ஏறி இறங்குகிற வேலைதான். வாரத்தில் ஆறு நாள் ரெஞ்சும் வாஷருமாகப் போவார். ஏழாவது நாள் சட்டைப் பையில் ஒரு சின்னப் பித்தளைச் சிமிழோடு போவார். அதற்குள் பூசையில் கிறிஸ்துவின் உடலாக வாங்கி உண்ணும் நற்கருணை அப்பங்கள் இருக்கும். பூசைக்கு வர முடியாமல் படுத்திருப்பவர்களுக்கு அவற்றை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் பொறுப்பைப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பழைய சாமியார் அவரிடம் ஒப்படைத்திருந்தார். ஊரில் எல்லா வீட்டுச் சமையலறைக்குள்ளும் தயங்காமல் நுழையக்கூடிய ஆள் இவர் ஒருவர்தான் என்பது அந்தச் சாமியாரின் கணக்கு.

அப்போது பட்டியலில் நாலு பேர். இப்போது ஒன்பது. ஊரிலிருந்த ஆலையை மூடியதும் இளசுகள் பிழைப்புத் தேடித் திசைக்கொன்றாகப் போய்விட்டார்கள். பெஞ்சில் உட்கார ஆளில்லாத இந்தக் கோயில் பங்கில் கட்டிலில் படுக்க மட்டும் ஆளுக்குப் பஞ்சமில்லை. இருக்கிற சாமியாரும் மூன்று கோயிலுக்கு ஒரே ஆள். ஞாயிறு காலையில் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடுவார். பூசை முடிந்ததும் குழாய்க்காரரின் சிமிழில் ஒன்பது அப்பங்களை எண்ணி வைத்துவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்புவார். முகத்தை நிமிர்ந்து பார்க்கக்கூட அவருக்கு நேரமிருக்காது.

ஒன்பதாவது அப்பம் குழாய்க்காரரின் மனைவிக்கு.

போன வருஷம் துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். வலது கையும் வலது காலும் போயின. நாக்கு கொஞ்சம் குழறினாலும் பேச்சு தப்பியது. ஆஸ்பத்திரி வராந்தாவில் பதினோரு நாள் இவர் செபமாலை உருட்டினார். பன்னிரண்டாம் நாள் அவளை வீட்டுக்கு அழைத்து வந்தபோது, பங்கில் எல்லோரும் கடவுள் காப்பாற்றிவிட்டார் என்றார்கள். பாதி ஆளைத் திருப்பித் தந்துவிட்டு நன்றி வேறு எதிர்பார்க்கிறாரா என்று இவருக்கு வயிறு எரிந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு செபம் செய்ய உட்கார்ந்தால், தண்ணீர் வராத குழாயைத் திறந்ததுபோல வெறும் காற்றுதான் வந்தது. பூசையில் நற்கருணை வாங்கப் போவதையும் நிறுத்திவிட்டார். ஆனால் பட்டியல் இருந்தது, வீடுகள் இருந்தன, வேலை நடந்தது.

மனைவிக்கு முதல்முதலாக வீட்டில் நற்கருணை கொடுக்க வந்த ஞாயிறன்று, அவள் வாயைத் திறக்கவில்லை. இவர் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

"வாஷர் மாட்டுற மாதிரி நீட்டாதீங்க," என்றாள். "உங்களுக்கே அதுல ஒண்ணும் இல்ல. எனக்கும் அந்தக் கடவுள்மேல கோவம் தீரல. எடுத்துட்டுப் போங்க."

அது சுருக்கென்று தைத்தது. பொய்யென்றால் தைத்திருக்காது. அடுத்த ஞாயிறும் மெழுகுவத்தி ஏற்றிக் கேட்டார், அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்கடுத்த ஞாயிறும் அதே கதைதான்.

மிஞ்சுகிற அப்பத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போக முடியாது. ஒன்று, திரும்பக் கொண்டுபோய்க் கோயிலில் நற்கருணைப் பேழைக்குள் வைக்க வேண்டும். அல்லது யாராவது உட்கொள்ள வேண்டும். திரும்பக் கொண்டுபோனால் ஏன் என்று சாமியார் கேட்பார். வீட்டுச் சமாச்சாரம் பங்கு முழுக்கச் சந்தி சிரிக்கும். அதனால் குழாய்க்காரர் சமையலறையில் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று அந்த ஒன்பதாவதைத் தானே வாயில் போட்டு விழுங்கி, சிமிழில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசிக் குடித்துவிட்டு, துடைத்து வைப்பார். மாத்திரை போடுகிறவன்கூட ஒரு நம்பிக்கையோடு போடுவான். இவர் வேலையை முடித்தார், அவ்வளவுதான். அப்படி ஏழு மாதம் போயிற்று. மனைவி எப்படி இருக்கிறாள் என்று சாமியார் ஓட்டத்தில் கேட்கும்போதெல்லாம், "நல்லா இருக்கா ஃபாதர், வாங்கிக்கிட்டா" என்று சொல்லவும் பழகிவிட்டார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை, முதல் வீட்டிலேயே அவருக்கு முட்டி வலித்தது. தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள், அவர் செபத்தில் ஒரு வரியை விட்டுவிட்டதைக் கண்டுபிடித்து மறுபடி வாசிக்க வைத்தார். ரொட்டிக்கடைக்காரர் ஆமென் சொன்ன வாயை மூடுவதற்குள், "அந்த ஃப்ளஷ் டேங்கையும் ஒரு பார்வை பாத்துட்டுப் போயிடுங்களேன்" என்றார். ஆத்துமாவுக்கு வந்தவர் குளியலறையையும் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார். இது இவருக்கு வழக்கமான தொல்லை. முன்பெல்லாம் அதைச் சொல்லி மனைவியோடு சிரிப்பார்.

ஐந்தாவது தையல்கார அம்மா வீடு. அந்த அம்மாவுக்கு ஞாபகம் போய்க்கொண்டிருந்தது. வாயில் வைத்ததை மென்று விழுங்க வேண்டும் என்பதே சில நாள் மறந்துவிடும். மகள்தான் கன்னத்தைத் தடவித் தடவி விழுங்க வைத்தாள். அது முடிந்து இவர் சிமிழை மூடப் போகும்போது மகள் தயங்கிக்கொண்டே கேட்டாள்.

"அண்ணே, எனக்கும் ஒண்ணு கிடைக்குமா? அம்மாவைத் தனியா விட்டுட்டு வர முடியல. நாலு வாரமாச்சு நான் பூசைக்கு வந்து."

நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் கொடுக்கலாம், அதற்கு அனுமதி உண்டு. சிமிழில் நாலு இருந்தன. மூன்று பேர் பாக்கி, மூன்றாவது தன் மனைவி. நாலு என்றால் ஒன்று கூடுதலாக இருக்கிறதே என்று குழம்பினார். பிறகுதான் நினைவு வந்தது, ஏழாம் வீட்டுப் பெரியவரைப் போன புதன்கிழமை அடக்கம் செய்தாயிற்று. பழக்க தோஷத்தில் சாமியார் அவருக்கும் சேர்த்து எண்ணிவிட்டார். அதை மகளுக்குக் கொடுத்தார். அவள் கண்ணை மூடி வாங்கிக்கொண்டாள். உடனே உள் அறையிலிருந்து அவள் கணவர் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்தார். இரவு முழுக்க மாமியாரோடு விழித்திருந்த கண்.

"நானும் வாங்கிக்கலாமா?"

இப்போது மூன்று இருந்தன. ஆறாம் வீட்டில் கணவன் மனைவி இரண்டு பேரும் படுக்கை, அவர்களுக்கு இரண்டு. இப்படிப்பட்ட நேரத்தில் ஒன்றை இரண்டாகப் பிட்டுக் கொடுப்பார்கள். துண்டு சின்னதென்றாலும் குறைவொன்றுமில்லை என்பது சின்ன வயதிலேயே மறைக்கல்வி வகுப்பில் சொல்லிக்கொடுப்பது. குழாய்க்காரருக்கு அது தோன்றவே இல்லை. ஒன்று சும்மாதானே கிடக்கிறது என்றுதான் தோன்றியது. கொடுத்துவிட்டார். வேண்டும் என்கிற வாய்க்குப் போகட்டுமே என்று மனசு லேசாகக்கூட இருந்தது.

ஆறாம் வீட்டையும் முடித்துவிட்டுத் தன் வீட்டுக்கு வரும்போது உச்சி வெயில். செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். மெழுகுவத்தி எடுக்கவில்லை, வெள்ளைத் துணி விரிக்கவில்லை. மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னோடது எங்க?"

"எது?"

"நற்கருணை. இன்னைக்கு வாங்கிக்கிறேன், குடுங்க."



"இன்னைக்கு என்ன திடீர்னு?"

"கோவமா இருக்குறதுக்கும் தெம்பு வேணும்ல. என்கிட்ட இல்ல," என்றாள் அவள். "ஏழு மாசம் அவரோட பேசாம இருந்து பாத்துட்டேன். மூஞ்சியைத் திருப்பித் திருப்பி எனக்குக் கழுத்து வலிச்சதுதான் மிச்சம். நேத்து ராத்திரியே நினைச்சுட்டேன், நாளைக்கு வாங்கிக்கலாம்னு."

எண்ணிக்கை குறைந்துவிட்டது, சாமியார் தவறிவிட்டார் என்று சொல்லலாம். பொய் நாக்கு நுனிவரை வந்து நின்றது. ஆனால் முப்பத்து நாலு வருஷம் கூட வாழ்ந்தவளிடம் எத்தனையென்று சொல்வது.

"இல்ல," என்றார். "தையல்கார அம்மா வீட்டுல மருமகன் கேட்டாரு. உன்னோடதை எடுத்துக் குடுத்துட்டேன். நீ எப்படியும் வேண்டாம்னுதானே சொல்லுவ."

அவள் கோபப்படவில்லை.

"ஒண்ணைப் பாதியாப் பிட்டிருக்கலாமே. தோணலையா?"

"தோணல."

"இத்தனை வாரம் மிச்சமானதை என்ன பண்ணினீங்க?"

"நானே தின்னேன். தொட்டிகிட்ட நின்னு."

"ஆமென் சொன்னீங்களா?"

"யார்கிட்டச் சொல்றது," என்றார் அவர். அழக்கூடாதென்று நினைத்தார், ஆனால் அழுதார். ஆஸ்பத்திரியில் அழாதது, வீட்டுக்கு வந்து அழாதது எல்லாம் சேர்ந்து வந்தது. அழுது ஓயும்வரை அவள் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். பிறகு, "போய் வாங்கிட்டு வாங்க, பூட்டிடப் போறாங்க" என்றாள்.

தண்ணீர் டம்ளரை அவள் இடது கைக்கு எட்டும்படி வைத்துவிட்டுக் கிளம்பினார். கோயில் இன்னும் திறந்துதான் இருந்தது. முதல் இரண்டு கோயில் பூசையை முடித்துவிட்டுச் சாமியார் மறந்து வைத்த எதையோ எடுக்கத் திரும்பி வந்திருந்தார். பீடத்துக்குப் பின்னால் இருக்கிற அறையில் ஷூவைக் கழற்றிப் போட்டு, கையில் இரண்டு பிஸ்கட்டோடு உட்கார்ந்திருந்தார். கடித்ததாகத் தெரியவில்லை. நாற்பத்தைந்து வயது ஆளுக்கு அறுபது வயது முகம்.

"என்னண்ணே, ஏதாவது அவசரமா?"

குழாய்க்காரர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். வாஷர் பேச்சு, சுவர்ப் பக்கம் திரும்பியது, தொட்டி, ஏழு மாதப் பொய், இன்று மிஞ்சாமல் போனது. சொல்லி முடித்ததும் சாமியார் பிஸ்கட்டைத் தட்டில் வைத்தார்.

"ஏழு மாசமா வாங்கினீங்களா, தின்னீங்களா?"

"தின்னேன், ஃபாதர். வாங்கினேன்னு சொல்ல முடியாது."

சாமியார் தலையாட்டினார். திட்டுவார் என்று எதிர்பார்த்திருந்தார் இவர்.

"காலையில ரெண்டாவது பூசையில அப்பத்தைத் தூக்கிக் காட்டி எழுந்தேற்றம் பண்ணினது எனக்கு ஞாபகமே இல்லண்ணே," என்றார் சாமியார் மெதுவாக. "மணி சத்தம் கேட்டுச்சு, அப்ப பண்ணியிருப்பேன்னு நினைச்சுக்கிட்டேன். செத்துப்போனவருக்கும் சேத்து எண்ணிக் குடுத்ததும் நான்தான். ரெண்டு பேரும் ஒரே கேஸுதான்." பிறகு கழுத்தில் ஊதாத் துணியைப் போட்டுக்கொண்டார். குழாய்க்காரர் முழங்காலிடப் போனதும் கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார். "உக்காருங்க. ஆண்டவருக்கு உங்க முட்டி தெரியும்."

பாவமன்னிப்பு நாலு நிமிஷத்தில் முடிந்தது. சாமியார் ஷூ இல்லாமலே பீடத்தருகே போய்ப் பேழையின் சாவியைத் திருகினார்.

"எத்தனை?"

பன்னிரண்டு வருஷமாகக் கேட்கிற கேள்விதான். பதில் எப்போதும் பட்டியலில் இருந்தது. குழாய்க்காரர் சிமிழைத் திறந்து நீட்டினார்.

"ரெண்டு, ஃபாதர்."

வீட்டில் மெழுகுவத்தி ஏற்றினார், வெள்ளைத் துணியை விரித்தார். மனப்பாடமாக ஓட்டுகிற செபத்தைப் புத்தகத்தில் பார்த்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். இரண்டு இடத்தில் தடுமாறினார். "கிறிஸ்துவின் திருவுடல்" என்று நீட்டினார். அவள் "ஆமென்" என்றாள், குழறலாக. வாங்கி, கண்ணை மூடிக்கொண்டாள். விழுங்கி முடிக்க அவளுக்கு நேரம் பிடித்தது.

அடுத்ததை அவர் எடுக்கப் போனபோது, "இங்க குடுங்க" என்று இடது கையை நீட்டினாள். அவளைத் தலையணையில் சாய்த்து உட்காரவைத்து, சிமிழை அவள் மடியில் வைத்தார். அப்படிக் கொடுக்கலாமா என்று சாமியாரைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. கேட்க யாருக்கும் தோன்றவில்லை. மூன்று முறை தவறவிட்டு, நாலாவது முறை அவள் அந்த அப்பத்தை விரலிடுக்கில் பிடித்துத் தூக்கினாள்.

"கிறிஸ்துவின் திருவுடல்."

குழாய்க்காரர் குனிந்தார். வாய் திறந்தது, சொல் வரவில்லை. உள்ளே இப்போதும் பெரிதாக ஒன்றுமில்லை. வராந்தாவில் உருட்டிய பதினோரு நாளும் அப்படியேதான் இருந்தன, அவள் வலது கையும் அப்படியேதான் கிடந்தது. இன்னொரு பொய்யை இவள் முகத்துக்கு நேரே சொல்லக் கூடாது என்று காத்திருந்தார். அவளும் அவசரப்படுத்தவில்லை. மெழுகு உருகிச் சொட்டியது. தூக்கிய கை முழங்கையிலிருந்து ஆடத் தொடங்கியது, ஆனாலும் அவள் கீழே இறக்கவில்லை. இறக்கமாட்டாள் என்பது அவருக்குத் தெரிந்தது. கை வலிக்குமே இவளுக்கு என்று பதறினார். அந்தப் பதற்றத்தில்தான் வாயிலிருந்து வந்தது.

"ஆமென்."