எழுபத்தெட்டாம் பக்கம்

சனிக்கிழமை மாலை மணி நான்கு பத்து. கண்ணாடிக் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கண் பரிசோதனை அறைக்குள் போய், கண் காட்ட வருபவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார். மடிக்கணினியை ஸ்டூலில் வைத்தார். எதிர்ச் சுவரில் எழுத்து அட்டை. வரிக்கு வரி எழுத்து சிறுத்துக்கொண்டே போய், கடைசி வரி எறும்பு ஊர்ந்தது போல இருக்கும். இருபத்தாறு வருடத்தில் அந்த வரி தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் கண்ணைச் சுருக்கி, தலையைச் சாய்த்து, எதையாவது சொல்லிவிடுவார்கள். அவர் யாரையும் திருத்தியதில்லை. குறித்துக்கொண்டு அடுத்த லென்ஸை மாற்றுவார்.

கூட்டம் நான்கு மணிக்கு. பதினோரு வருடத்தில் அவர் தாமதமாக வருவது இது இரண்டாவது முறை. முதல் முறை, மனைவி இறந்த வாரம்.

திரையில் இரண்டு முகங்கள். ஒருவர் டீச்சர், ஒரு பெண்கள் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுப்பவர். அவர் முதுகுக்குப் பின்னால் திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டுகள். இன்னொருவர் சரக்குக் கப்பலில் இஞ்சினியர். எந்தக் கடலில் இருக்கிறாரோ, இஞ்சின் இரைச்சல் மட்டும் மாறுவதில்லை. மூவரும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. மூவரில் யாரும் படித்த ஆராய்ச்சியாளரும் இல்லை. யாராலும் வாசிக்க முடியாத ஒரு பழைய கையெழுத்துப் புத்தகம்தான் அவர்களைச் சேர்த்து வைத்திருந்தது. நூற்று நாற்பது பக்கம், பெயர் தெரியாத செடிகளின் படங்கள், நடுவே உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஓர் எழுத்து. ஒவ்வொரு குறிக்கும் அவர்களே பெயர் வைத்திருந்தார்கள்: கொக்கி, வாத்து, குடை, மொட்டைக் குடை.

"வாங்கண்ணே," என்றார் டீச்சர். "இவரு புலம்பித் தள்ளுறாரு. நம்ம புத்தகத்தப் பத்தி ப்ரொஃபசர் எழுதின கட்டுரைய படிச்சதுல இருந்து மனுஷன் சாப்பிடலையாம்."

"சாப்பிட்டேன். ருசிக்கல, அவ்வளவுதான்," என்றார் கப்பல்காரர். "பதினோரு வருஷமா கிறுக்கலுக்கு இலக்கணம் எழுதிட்டு இருந்திருக்கோம் டீச்சர். யாரோ ஒருத்தன் பக்கத்த நிரப்பணும்னு நிரப்பியிருக்கான். அவரு கணக்குப் போட்டுக் காட்டிட்டாரு. அர்த்தமே கிடையாது."

"உங்க இஞ்சின் கூட சத்தம்தான் போடுது. அதுல அர்த்தமில்லன்னு விட்டுடுவீங்களா?"

"அதுல அர்த்தம் இருந்திருந்தா நான் எப்பவோ வேலைய விட்டிருப்பேன்."

டீச்சர் சிரித்தார். கண்ணாடிக்காரரும் சிரித்தார், தன் மைக்கை இன்னும் திறக்கவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தார்.

"முழுசா படிச்சீங்களா, இல்ல பாதியிலயே அழ ஆரம்பிச்சிட்டீங்களா?" டீச்சர் ஒரு தாளை எடுத்தார். "புத்தகம் மொத்தமும் வெறும் நிரப்பல், ஒரே ஒரு இடம் தவிரன்னு சொல்றாரு. எழுபத்தெட்டாம் பக்கம், கடைசி நாலு வரி. அங்க மட்டும் கணக்கு மாறுது. ஏழு குறிக்கு ஒரு தரம் கொக்கி வருது, தவறாம. வாசிக்கிறேன் கேளுங்க. 'இந்த நான்கு வரிகளை எழுதிய கை மட்டும் யாரிடமோ எதையோ சொல்ல விரும்பியிருக்கிறது.' எனக்கு உடம்பே சிலிர்த்துடுச்சு. அந்தப் பக்கத்துக்கு ஆதாரம் யாரு? நம்ம அண்ணன். அடிக்குறிப்புல போட்டிருக்காரு."

"அண்ணனுக்கு ஒரு சிலை வச்சிடுவோம்," என்றார் கப்பல்காரர். "கையில பென்சிலோட."

கண்ணாடிக்காரர் எழுத்து அட்டையைப் பார்த்தார்.

புத்தகத்தை வைத்திருக்கும் நூலகம் வெளியிட்ட படங்களில் எழுபத்தெட்டாம் பக்கத்தின் அடிப்பகுதி தையலுக்குள் மடங்கிக் கிடந்தது. ஆறு வருடம் முன்பு அவர் ஒரு நாள் முழுக்க ரயிலில் போய், அனுமதி வாங்கி, நேரில் உட்கார்ந்து நகல் எடுத்தார். வாசலிலேயே பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு பென்சில் கொடுத்தார்கள். மையோடு யாரும் உள்ளே போகக் கூடாது. மடிப்பை ஊழியர் எலும்புத் தகடு ஒன்றால் தூக்கிப் பிடிக்க, அவர் ஒவ்வொரு குறியாக வரைந்தார். நான்கு வரி பாக்கி இருந்தபோது இன்னொரு ஊழியர் வந்து, வெளியே அவசர அழைப்பு என்றார். மனைவியின் தம்பி. அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, உடனே வாங்க.

மறுநாள் கட்டிலருகே இருந்தபோது டீச்சரிடமிருந்து செய்தி வந்தது. பக்கம் முழுசா கிடைச்சுதாண்ணே? கிடைச்சுது, என்று பதில் போட்டார். ஏன் அப்படிப் போட்டார் என்று இன்றுவரை அவருக்கே பிடிபடவில்லை. அவர்கள் ஆறு மாதமாகக் காத்திருந்தார்கள். மற்ற எல்லாமே கையை விட்டுப் போய்க்கொண்டிருந்த ஒரு நாளில், ஒன்றாவது முழுசாகக் கிடைத்ததாக இருக்கட்டும் என்று தோன்றியிருக்கலாம்.

நகல் நோட்டைப் பிரித்து, சட்டைப் பையிலிருந்த நீலப் பேனாவை எடுத்தார். ஐந்து வருடம் பழகிய கை, யோசிக்காமலே எழுதியது. ஏழு குறிக்கு ஒரு தரம் நிமிர்ந்து அவள் மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்ப்பார். குனிந்ததும் விரல் முதலில் ஒரு கொக்கியைப் போடும். மூன்றாவது வரியில் அவள் கண் திறந்தாள்.

"என்ன எழுதுறீங்க?"

"தெரியல."

"படிச்சுக் காட்டுங்க."

வாய்க்கு வந்ததை மெதுவாகப் படித்தார். பொருளில்லாத ஓசைகள். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "நல்லாருக்கு. இன்னொரு வரி," என்றாள். நான்காவது வரி அப்படி வந்தது. நான்காம் நாள் அவள் போய்விட்டாள்.

திரும்பப் போய்ச் சரிபார்க்க வேண்டும் என்றுதான் இருந்தார். அதற்குள் புத்தகத்தைச் செப்பனிட எடுத்துப் போய்விட்டார்கள். வருடங்கள் ஓடின. சனிக்கிழமைக் கூட்டம் மட்டும் நிற்கவில்லை. கடையில் வருகிறவர்களிடம் 'இது தெளிவா, அது தெளிவா' என்பதைத் தாண்டி அவர் பேசுவதில்லை. வீட்டில் அதுவும் இல்லை. அவள் போன பிறகு டீச்சர் ஒரு மாதம் தினமும் கூப்பிட்டார், கொக்கியைப் பற்றிச் சந்தேகம் கேட்பதாக. கப்பல்காரர் எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் ஒரு தபால் அட்டை அனுப்புவார். அவை லென்ஸ் டிராயரில் இருந்தன.

"இன்னொரு நல்ல செய்தி," என்றார் டீச்சர். "தையல் பிரிச்சு, புதுசா படம் எடுத்துட்டாங்களாம். திங்கக்கிழமை போடுறாங்க. அந்த நாலு வரிய நாமளே கண்ணால பாக்கலாம்."

"திங்கக்கிழமை கரையில இருப்பேன்," என்றார் கப்பல்காரர். "மூணு பேரும் ஒண்ணா பாப்போம். அண்ணே, என்ன பேச்சையே காணோம்?"

திங்கட்கிழமை வரை இரண்டு நாள் இருக்கிறது. இன்றைக்குத் தலைவலி என்று சொல்லிவிடலாம். திங்கட்கிழமை, கண் மங்கிப் பிழை நேர்ந்தது என்று சொல்லலாம், நம்புவார்கள். பாவம் அண்ணன், அந்த நேரத்தில் அவர் நிலைமை அப்படி, என்று அவர்களே காரணம் கண்டுபிடித்துக் கொடுப்பார்கள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

எழுந்து லென்ஸ் டிராயரைத் திறந்தார். தபால் அட்டைகளுக்கு அடியில் அந்த நோட்டு. ஆறு வருடமாக அவர்களுக்குப் போனது எல்லாம் தட்டச்சு செய்த நகல்தான். நோட்டை யாரும் கேட்டதில்லை. பக்கத்தைப் பிரித்தார். பரிசோதனை விளக்கைத் தன் பக்கம் திருப்பினார். நோட்டை இரண்டு கையாலும் கேமராவுக்கு முன்னால் பிடித்தார். அவர் முகம் அதற்குப் பின்னால் மறைந்துபோனது.

"அட, மூலப் பிரதி!" என்றார் கப்பல்காரர். கண்ணாடிக்காரர் நோட்டைக் கேமராவுக்கு இன்னும் அருகே நகர்த்தினார்.

டீச்சரின் நாற்காலி திரைக்கு அருகே நகரும் சத்தம்.

"அண்ணே, கடைசி நாலு வரி மட்டும் ஏன் பேனாவுல இருக்கு?"