மூன்று வருஷ நேர்ச்சை

சுடலைமாடத்திக்குப் பொய் சொல்ல வராது. குலசை என்கிற குலசேகரன்பட்டினம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் முப்பது வருஷமாகப் பெட்டிக்கடை வைத்திருப்பவள். கனிந்து கறுத்த பழத்தைக்கூட, "கறுத்துட்டு, பாத்து எடுத்துக்கிடுங்க" என்று சொல்லித்தான் கொடுப்பாள். இப்படியும் ஒரு வியாபாரமா என்று ஊரே அவளைக் கேலி செய்யும். அப்படிப்பட்டவள் வாழ்நாளில் ஒரே ஒரு பெரிய பொய் சொன்னாள். அதையும் சும்மா சொன்னாளா? முத்தாரம்மன் பெயரை இழுத்துச் சொன்னாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளுடைய ஒரே மகள் பொன்செல்வி தலைவலி என்று தூத்துக்குடியில் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்தாள். மறுநாள் காலை நினைவு தப்பியது. நாலாம் நாள் உயிர் போய்விட்டது. மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். வயது முப்பத்து நாலு. பிள்ளைகள் இரண்டு, ஒன்பது வயதில் முத்துலேகாவும் நாலு வயதில் சிவசுப்பிரமணியனும். மருமகன் மாரிச்செல்வம் துறைமுகத்தில் கண்டெய்னர் யார்டு ஒன்றில் சூப்பர்வைசர். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, "இந்த ஊர்ல இனிமே என்னால இருக்க முடியாது அத்த" என்று சென்னைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டான்.

அதுவரை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து, கடையில் கடலைமிட்டாய் ஜாடியைக் காலி செய்துவிட்டுப் போன பிள்ளைகள். சென்னை எங்கே, குலசை எங்கே! அவனுக்கும் இள வயது, இன்னொருத்தியைக் கட்டத்தான் செய்வான். அதற்கப்புறம் செத்தவளுடைய தாயை யார் தேடி வருவார்கள்? லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டிருக்கும்போது மாடத்தி மருமகனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"மாப்ள, ஒரு விஷயம். செல்வி ஆஸ்பத்திரில படுத்த அன்னைக்கு ராத்திரி அம்மனுக்கு நேர்ந்துக்கிட்டா. பிள்ளை நல்லா இருக்கணும், மூத்தவ மூணு வருஷம் தசராவுக்கு வேஷம் கட்டுவான்னு."

அன்று ராத்திரி பெண்கள் வார்டில் மகளோடு இருந்தவள் மாடத்தி மட்டும்தான். யாரும் மறுத்துப் பேச வழியில்லை. குலசை தசராவுக்கு வேஷம் நேர்ந்துவிட்டால் தட்டக்கூடாது என்பது அந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். விரதம் இருந்து, கையில் மஞ்சள் காப்புக் கட்டி, வேஷம் போட்டு வீடு வீடாகக் காணிக்கை வாங்கி அம்மனுக்குச் செலுத்த வேண்டும். சூரசம்ஹாரத்துக்கு மறுநாள்தான் காப்பு அவிழ்ப்பார்கள். மாரிச்செல்வம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "செல்வி சொன்னதைச் செய்யாம விடுவேனா அத்த" என்றான். அவன் அப்படி அழுதிருக்காவிட்டால் ஒருவேளை மாடத்தி அப்போதே உண்மையைச் சொல்லியிருப்பாள்.

பொய் நன்றாகவே வேலை செய்தது. காலாண்டு லீவு விட்டதும் வந்து இறங்கினார்கள். இரண்டாம் வருஷம் ஜெயபிரியாவும் கூட வந்தாள், மாரிச்செல்வம் புதிதாகக் கட்டியவள். வந்ததும் வராததுமாகச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பாத்திரம் தேய்த்தாள். "அம்மா, அம்மா" என்று மாடத்தியைச் சுற்றி வந்தாள். குறை சொல்ல ஒரு காரணமும் தராத பெண். மாடத்திக்கு அதுவே பெரிய குறையாக இருந்தது.

இதோ, மூன்றாவது வருஷம். வந்து இறங்கிய அன்று காலையிலேயே, காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு மாரிச்செல்வம் விஷயத்தைச் சொன்னான். மஸ்கட்டில் வேலை கிடைத்திருக்கிறது, குடும்பத்துக்கே விசா, டிசம்பரில் கிளம்புகிறார்கள்.

"இந்த வருஷத்தோட நேர்ச்சை முடியுதுல்லா அத்த? பாக்கி ஏதும் இருந்தா சொல்லிருங்க. சாமி காரியம், விளையாட முடியாது. வருஷா வருஷம் தசராவுக்கு டிக்கெட் போட்டு மூத்தவளையும் தம்பியையும் கூட்டியாந்துருவேன். இல்லைன்னா மூணு வருஷம் காண்ட்ராக்ட் முடிஞ்சுதான் ஊர்ப் பக்கம் வர முடியும்."

மாடத்திக்கு அறுபத்தெட்டு. சர்க்கரை, பிரஷர், ஒரு கண்ணில் புரை. மூன்று வருஷம் என்பது அவளுக்குச் சின்ன சங்கதி இல்லை.

"முடியுதான்னு பூசாரிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுதேன் மாப்ள" என்றாள். ஒரு பொய்க்குத் துணையாக இன்னொரு பொய். அம்மன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே அடுப்படிக்குப் போனாள்.

ஆனாலும் அந்த நாட்கள் நல்ல நாட்கள். அதை இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். சின்னவன் கடையில் ஏறி உட்கார்ந்து, "என்ன வேணும் அண்ணாச்சி?" என்று வருகிறவர்களை எல்லாம் மிரட்டினான். தண்ணீர் பாட்டில் கேட்டவருக்கு ஷாம்பு பாக்கெட்டை எடுத்து நீட்டினான். மத்தியானம் சாப்பிட்டதும் ஆச்சியின் வயிற்றின் மேல் காலைப் போட்டுக்கொண்டு தூங்கினான். உடம்பு மரத்துப்போனாலும் மாடத்தி அசையமாட்டாள்.

மூத்தவள்தான் விளையாடவில்லை. பன்னிரண்டு வயதுக்கு அவ்வளவு கண்டிப்பு யாருக்கும் வராது. சென்னையிலேயே இருபத்தோரு நாள் விரதம் தொடங்கி, வெறுந்தரையில் படுத்து, ஒருவேளைச் சோறு சாப்பிட்டு வந்திருந்தாள். குறத்தி வேஷம். பாசிமணியும் கூடையுமாகத் தசராக் குழுவோடு வெயிலில் செருப்பில்லாமல் நடந்தாள். சாயங்காலம் மாடத்தி அவள் காலைப் பிடித்துப் பார்த்தால் உள்ளங்கால் முழுவதும் கொப்புளம்.

"ஏளா, நாளைக்கு ஒரு நாள் இருந்துக்கிடேன். அம்மன் ஒண்ணும் சொல்லமாட்டா."

"இல்ல ஆச்சி. அம்மா கேட்டது."

மூன்று வருஷமாக எதற்கெடுத்தாலும் இந்த ஒரே பதில். ஒவ்வொரு தடவையும் மாடத்திக்குச் சுருக்கென்றது. ஒவ்வொரு தடவையும், 'பிள்ளை வருதுல்லா, அது போதும்' என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டாள்.

சூரசம்ஹாரம் முடிந்த மறுநாள் மத்தியானம், சாயங்காலம் காப்பு அவிழ்க்குமுன் கடலில் முழுக்குப் போட எல்லோரும் போனார்கள். ஊர்ப்பட்ட கூட்டம். காளிகள் சடைமுடியைக் கழற்றி மணலில் வைத்துவிட்டுத் தண்ணீரில் விழுந்து கிடந்தார்கள். குரங்கு வேஷக்காரர் ஒருவர் ஐஸ் தின்றுகொண்டிருந்தார். மாரிச்செல்வமும் ஜெயபிரியாவும் சின்னவனை ஆளுக்கொரு கையாகப் பிடித்து அலையில் தூக்கித் தூக்கி விட்டார்கள். "அம்மா, இன்னும் மேல!" என்று அவன் ஜெயபிரியாவைப் பார்த்துக் கத்தினான். பெற்றவள் முகம் அவனுக்கு நினைவிருக்க நியாயமில்லை. மாடத்தி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கரையில் ஏற்றி வைத்திருந்த வள்ளத்தின் நிழலில் முத்துலேகா அவளோடு உட்கார்ந்திருந்தாள். காப்பைத் திருகிக்கொண்டே இருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"ஆச்சி, ஒரு வருஷம் விரதம் தப்பிட்டுன்னா அந்த வருஷம் சேராதுல்லா?"

"ஏன் தாயி?"

"போன வருஷம் ஸ்கூல்ல ஒருத்தி பர்த்டேன்னு முட்டை பப்ஸ் குடுத்தா. பசிச்சுது. தின்னுட்டேன். யார்கிட்டயும் சொல்லல." பேச்சு நின்று நின்று வந்தது. "அதுக்கப்புறம்தான் தம்பிக்கு டெங்கு வந்துச்சு. ஐசியூல வச்சாங்கல்லா? என்னாலதான் ஆச்சி. அம்மா கேட்டது அந்த ஒண்ணுதான். அதைக்கூட நான் ஒழுங்காச் செய்யல. அதான் இந்த வருஷம் தண்ணிகூட பாத்துப் பாத்துக் குடிச்சேன். போன வருஷத்துக்குப் பதிலா இன்னொரு வருஷம் கட்டணும்லா? நீ அப்பாகிட்டச் சொல்லேன்."

பத்து நாளாக மாடத்தி தேடிக்கொண்டிருந்த வார்த்தையைப் பேத்தியே கொண்டுவந்து கையில் வைக்கிறாள். ஆமாம் தாயி, தப்பின வருஷம் சேராது என்று சொன்னால் முடிந்தது. அடுத்த தசராவுக்குப் பிள்ளைகள் விமானம் ஏறி வருவார்கள். பூசாரியைக் கேட்க வேண்டியதில்லை. இன்னொரு பொய்கூடப் புதிதாக வேண்டியதில்லை.

ஆனால் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். ஒரு பப்ஸ் தின்று தம்பியைக் கொல்லப் பார்த்தவள் என்று தன்னை நினைத்துக்கொண்டு ஒரு வருஷமாக நடமாடியிருக்கிறது இந்தக் குருவி. செய்தது யார்? இந்தப் பாவி நாக்கு. பிள்ளை வர வேண்டும் வர வேண்டும் என்று ஆசைப்பட்டவளுக்கு, வருகிற பிள்ளை எதைச் சுமந்துகொண்டு வருகிறது என்று பார்க்கத் தோன்றவில்லை. மாடத்திக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

"ஏளா, இங்க பாரு. தம்பிக்குக் கொசு கடிச்சு வந்தது டெங்கு. உன்னால ஒண்ணும் வரல."

"உனக்குத் தெரியாது ஆச்சி. நேர்ச்சை தப்பினா..."

"நேர்ச்சையே இல்ல தாயி."

முத்துலேகா புரியாமல் பார்த்தாள்.

"உங்க அம்மை நேரவே இல்ல. நான் சொன்ன பொய் அது. உங்கப்பன் உங்களைக் கூட்டிட்டுப் போயிட்டா எனக்கு நாதியில்லன்னு பயந்துட்டேன். வேஷம்னு சொன்னா வருஷத்துக்கு ஒருக்கயாவது வருவீயன்னு சொல்லிட்டேன். தப்பு பண்ணினது நான். அம்மன் தண்டிக்கணும்னா என்னையத்தான் தண்டிக்கணும்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. பிள்ளை காப்பைத் திருகுவதை நிறுத்தியது. பிறகு மெல்லிய குரலில் கேட்டது.

"அப்போ அம்மா என்னைப் பத்தி எதுவுமே சொல்லலையா?"

மாடத்தி வாயைத் திறந்தாள். என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். உன்னைத்தான் கேட்டா, உன் பேரைத்தான் சொன்னா என்று சொல்லலாம். அந்த ராத்திரிக்குச் சாட்சி அவள் ஒருத்திதான். ஆனால் இந்த நாக்கால் இன்னொன்று சொல்ல அவளுக்குத் தெம்பில்லை.

"சொல்லல தாயி. தலை வலிக்கின்னா. லைட்டை அமத்துன்னா. காலைல வீட்டுக்குப் போயிருவோம்லாம்மான்னு கேட்டா. போயிருவோம்னுதான் நெனச்சிருந்தா. சாகப்போறோம்னு அவளுக்குத் தெரியாது."

பேத்தி தலையை மட்டும் ஆட்டினாள். அழவில்லை. சாயங்காலம் கோயிலில் வரிசையில் நின்று காப்பை அவிழ்த்தாள். முந்தின இரண்டு வருஷமும் அந்தக் கூட்டத்தில் ஆச்சியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றவள், இந்தத் தடவை தனியாகப் போய்த் தனியாக வந்தாள். அன்றைக்கு மாடத்தி ஆசை ஆசையாகப் பொரித்து வைத்த மீனையும் தொடவில்லை.

மறுநாள் மத்தியானம் கார் வந்தது. தூத்துக்குடியில் ரயில் பிடிக்க வேண்டும். ஜெயபிரியா கருப்பட்டிப் பெட்டியையும் பைகளையும் டிக்கியில் அடுக்கினாள். சின்னவன் ஆச்சிக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டு ஏறினான். முத்துலேகா முன்னாலேயே ஏறி மறுபக்க ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். நேற்றிலிருந்து ஆச்சியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மாடத்தி மருமகனிடம் தானே எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டு நின்றாள். சொன்ன பிறகு அவன் தன் முகத்தில் விழிக்கவே மாட்டான் என்பதும் தெரியும்.

மாரிச்செல்வம் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பினான்.

"பூசாரிகிட்டக் கேட்டீங்களா அத்த? பாக்கி ஏதும் உண்டுமா?"

"மாப்ள, அது வந்து..."

"முடிஞ்சிட்டுப்பா." காருக்குள்ளிருந்து முத்துலேகாவின் குரல் வந்தது. நேர் எதிரே பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். "அம்மா மூணு வருஷம்னுதான் நேர்ந்தாங்க. மூணும் கட்டிட்டேன். இனிமே வரவேண்டாம்."

மாடத்தி பேத்தியைப் பார்த்தாள். பிள்ளை காட்டிக்கொடுக்கவில்லை. மாடத்தி சொன்ன பொய்யை எடுத்து அது தன் வாயால் சொல்லி, அப்பா முன்னால் ஆச்சியைக் காப்பாற்றிவிட்டது. காப்பாற்றின கையோடு கதவையும் சாத்திவிட்டது.

"அப்படியா அத்த?" என்றான் மாரிச்செல்வம்.

பேத்தி இப்போதும் திரும்பிப் பார்க்கவில்லை. மடியில் இரண்டு கைகளையும் இறுகக் கோத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தாள்.

"ஆமா மாப்ள" என்றாள் மாடத்தி. "முடிஞ்சிட்டு."