பொறுக்கி எடுத்த பத்துச் சட்டங்கள்

உடைந்த சைக்கிளைக் காவலாளி என் மேசையில் சாய்த்து வைத்துவிட்டுப் போனார். சமதரையில், மெதுவாக ஓட்டிய ஒரு தையல்காரம்மா விழுந்திருக்கிறார். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான் என்றார். நான் முறிந்த இடத்தைப் பார்த்தேன். இருக்கைக்குக் கீழே, சட்டத்தின் நடுவில் ஒரு குழி. என் கட்டைவிரல் முழுதாக உள்ளே போனது.

பழைய பிளாஸ்டிக் மூடிகளையும் டப்பாக்களையும் உருக்கி, அச்சில் ஊற்றி, சைக்கிள் சட்டம் செய்வது எங்கள் பட்டறை. கடைச் சைக்கிளில் பாதி விலை. துருப்பிடிக்காது. ஆகாத வேலை என்று சிரித்தவர்களோடு நான் சண்டை போட்டிருக்கிறேன். ஆகும். ஒரே நிபந்தனை, ஊற்றியது அச்சுக்குள்ளேயே நான்கு மணி நேரம் தானாக ஆற வேண்டும். அவசரப்படுத்தினால் வெளித்தோல் முதலில் இறுகிவிடும், உள்ளே இருப்பது பிறகு சுருங்கிக் குழி விழும். வெளியே மழமழவென்று இருக்கும்.

சோதனை அறை என் பொறுப்பு. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான், அந்தப் பட்டம் வாங்கித் தந்த முதல் வேலை இது. வந்த பத்துச் சட்டங்களையும் எடை ஏற்றிக் குலுக்கினேன், அறுத்தும் பார்த்தேன். ஒன்றில்கூடக் குழி இல்லை. கையெழுத்துப் போட்டேன். அதை நம்பி நூற்றிருபது சைக்கிள்கள் மேட்டுக் குடியிருப்புக்குப் போயின. அங்கிருக்கும் பெண்கள் சரிவுக்குக் கீழே உள்ள தையல் ஆலைக்கு வேலைக்குப் போகிறவர்கள். சைக்கிள்தான் வாங்கிக் கொடுத்தாயிற்றே என்று ஆலை பேருந்தை நிறுத்திவிட்டது. நூற்றிருபதில் ஒன்று என் சித்தியுடையது.

அச்சுக்கூடத்துக்கு ஓடினேன். அங்கே மேஸ்திரி என் அப்பா. அச்சைத் திறந்து, ஆவி பறக்கும் சட்டத்தைக் கொக்கியால் தூக்கித் தண்ணீர்த் தொட்டியில் போட்டார். உஸ்ஸென்றது. ஊற்றி இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது. என்னைக் கண்டதும் சிரித்தார்.

எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். ஆரம்பத்திலிருந்தே என்றார், எதையும் மறைக்காமல். ஒரு நாளைக்கு முப்பது வேண்டும் என்கிறார்கள், இருப்பது நாலு அச்சு, நான் என்ன வாயால் ஊதியா ஆற்றுவது என்றார்.

"அப்போ எனக்கு அனுப்புன பத்து?"

அப்பாவின் முகம் மலர்ந்தது.

"அது உனக்குன்னே செஞ்சது பாப்பா. அஞ்சு ராத்திரி, ராத்திரிக்கு நாலா, விடிய விடிய அச்சுலயே கெடந்து ஆறுனது. இருபது ஊத்தி, அதுல நல்லதா பத்து பொறுக்கி அனுப்புனேன். மொத வேலையில உனக்கு ஃபெயில்னு வரலாமா?"

ஒவ்வொரு பரீட்சைக்கும் எனக்குப் பென்சில் சீவித் தந்தவர். இந்தப் பரீட்சை சட்டத்துக்கு, மகளுக்கு இல்லை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நானாகப் போய்க் குவியலிலிருந்து எடுத்திருக்க வேண்டும். மேசைக்கு வந்ததை வாங்கிக்கொண்டேன், துரைசானி மாதிரி.

மேலாளர் பதறவில்லை. உடைவதை மாற்றிக் கொடுத்துவிடலாம் என்றார். சரிவில் உடைந்தால் மாற்றிக் கொடுக்க ஆள் இருக்காது என்றேன். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"திரும்ப வாங்கணும்னா காரணம் எழுதணும்மா. தண்ணியில போட்டது யாருன்னு எழுதணும். நீ எழுதுறியா, நான் எழுதட்டுமா?"

தொட்டியை வாங்கி வைத்தது யார் என்று கேட்டேன். பேனாவை என் பக்கம் தள்ளினார். நான் எழுதினேன். தொட்டி, முப்பது, அப்பா, என் கையெழுத்து, எல்லாவற்றையும். வாங்கி, படிக்காமலே இழுப்பறைக்குள் வைத்தார். அடுத்த வாரம் பார்க்கலாமாம்.

அன்று மாலையே சித்தி வீட்டுக்குப் போனேன். நாளைக்கு ஏறாதே என்றதும் சித்திக்குச் சுருக்கென்றது. நடந்தால் ஒன்றரை மணி நேரம், கால் மணி பிந்தினாலும் அரை நாள் சம்பளம் போய்விடும், நீ காலேஜுக்குப் போனது என்னை நடக்க வைக்கத்தானா என்றாள். நான் அவள் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு ரம்பத்தை வைத்தேன். என் தோளிலேயே இரண்டு போட்டாள். சட்டம் இரண்டானதும் அடி நின்றது. பிடுங்கிய பல்லின் இடம் போல வரிசையாக மூன்று குழிகள். சித்தி ஒன்றில் விரலை விட்டுப் பார்த்தாள்.

"இதுலயாடி நான் புள்ளையப் பின்னால வச்சுக்கிட்டு எறங்குனேன்."

விடியும்போது அறுத்த சட்டத்தை எடுத்துக்கொண்டு சரிவின் தலையில் நின்றேன். அப்பாவும் வந்தார். ராத்திரியே அந்தக் குழிகளை அவருக்குக் காட்டியிருந்தேன். சித்தி எங்களுக்கு முன்பே நடந்து இறங்கியிருந்தாள். பெண்கள் கூட்டமாக வந்தார்கள். முன்னால் வந்தவள், சித்தி வயதிருக்கும், காலை ஊன்றி நின்றாள். நான் குழிகளைக் காட்டினேன். பொறுமையாகத்தான் கேட்டாள்.

"எல்லாத்துலயும் இருக்கா?"

"அறுக்காம சொல்ல முடியாதுக்கா."

"அப்போ என்னோடதுல இல்லாமலும் இருக்கலாம்ல?"

இருக்கலாம் என்று நான் தலையாட்டியிருக்கக் கூடாது. படித்த படிப்பு பொய் சொல்ல விடவில்லை. அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பேருந்துக்கு யாரிடமாவது பேசேன், புண்ணியமாப் போகும் என்று சொல்லிவிட்டு மிதித்தாள். சாலையின் குறுக்கே கையை விரித்து நின்றேன். என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருத்தி, கல்யாண ஊர்வலமா போகுது, வழி விடும்மா என்றாள். நாலைந்து பேர் சிரித்தார்கள். இரண்டே பேர் இறங்கி உருட்டினார்கள்.

அப்பா ஆட்களைப் பார்க்கவில்லை. சட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். உருக்கும் மூடிகளைப் பொறுத்து ஒவ்வொரு ஊற்றுக்கும் ஒரு நிறம் வரும். எது எந்த நாளில் ஊற்றியது என்று அவருக்கு அத்துப்படி.

"நீலம் பரவால்ல. அன்னைக்குக் கரண்ட் போயி தொட்டிக்குத் தண்ணி ஏறல, மெதுவாத்தான் ஆறுச்சு," என்று முனகினார். பச்சையும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டான ஒரு சட்டம் எங்களைத் தாண்டி வளைவை நோக்கி இறங்கியது. ஓட்டியவள் பிடரி மட்டும்தான் தெரிந்தது.

"அது ஊத்துன பத்து நிமிஷத்துல தண்ணியில போட்டது," என்றார்.

செருப்பை உதறிவிட்டு, அந்தப் பச்சையின் பின்னால் அப்பா சரிவில் ஓடத் தொடங்கினார்.